மூன்று உருண்டை, ஒரு மீன்

நவம்பர் தேர்வுக்கு இன்னும் பதினொரு நாள்.
கெங்கேப் பானை கொதிக்கிறது.
மடியில் எழுபது பக்கக் கைப்புத்தகம்,
அட்டை முழுக்க மிளகாய்க் கறை.
‘போல’ வந்தால் உவமை.
‘போல’ போய்விட்டால் உருவகம்.
இவ்வளவுதானா என்று நினைத்துத்தான்
இரண்டு முறை தோற்றேன்.

அஷைமான் வண்டி நிலையத்தில்
ஒவ்வொரு ட்ரோட்ரோவின் முதுகிலும் ஒரு வாசகம்.
“நாக்கு ஒரு கத்தி” என்று ஒன்று புகைவிட்டுப் போனது.
உருவகம், என்றேன், மீனைத் திருப்பிக்கொண்டே.
“பொறாமைக்குக் கண் சிவக்கும்” என்று அடுத்தது.
வாங்க வந்தவள் என் கண்ணைப் பார்த்தாள்.
புகைதான், என்றேன்.

உயர்வு நவிற்சிக்குப் புத்தகமே வேண்டாம்.
நடத்துனன் பாக்போ தொண்டை கிழியக் கத்துகிறான்:
“ஒரே ஆள்! ஒரே ஆள்தான் பாக்கி!”
உள்ளே மூன்று பேர்.
அதில் ஒருத்தி இறங்கப் பார்க்கிறாள்.

மழை இறங்கினால்
சங்கத்து வசூல்காரர் அண்ணாந்து பார்ப்பார்:
“நான் ரசீதுப் புத்தகத்தை எடுத்தாலே
இது வீம்புக்குக் கொட்டுகிறது.”
தற்குறிப்பேற்றம். சொல்லச் சொல்ல நாக்கு சுளுக்கும்.
அவருக்கு அதெல்லாம் தெரியாது,
மீனுக்கும் காசு கொடுக்கமாட்டார்.

ஆகுபெயரில்தான் மாட்டிக்கொண்டேன்.
நான்கு முறை வாய்விட்டுப் படித்தும் ஏறவில்லை.
சுவர்க் கணக்கைப் பார்த்தபடி தங்கை செலாசி கேட்டாள்:
“குமாசி கொடுத்தாச்சா?”
“குமாசி ஒன்றுக்குப் போயிருக்கிறது, வந்ததும் கொடுக்கும்.
கேப் கோஸ்ட் நேற்றே கொடுத்துவிட்டது.”
“அஃப்லாவ்?”
“அஃப்லாவ் இருக்கட்டும்.”
கரண்டியோடு அப்படியே நின்றுவிட்டேன்.
பத்து வருடமாக ஊர்களுக்குப் பரிமாறுகிறேன்,
ஊர்கள் என்னிடம் கடன் சொல்கின்றன,
இதற்கு ஒரு பெயர் இருக்கிறது என்று
ஒருவரும் சொன்னதில்லை.

முரண்நகை இருந்த பக்கத்தை ஆட்டுக்குட்டி தின்றுவிட்டது.
அதன் தாயை விற்றுத்தான்
தேர்வுக் கட்டணம் கட்டியிருந்தேன்.

கிழிந்த பக்கத்துக்கு அடுத்தது: மங்கலம்.
கசப்பானதை நேராகச் சொல்லாமல் வேறாகச் சொல்வது.
எடுத்துக்காட்டுகள் இரண்டு.
படிக்கவில்லை.

டோட்சேயின் வண்டி முதுகில்
“நாளையும் ஒரு நாள்தான்” என்று இருக்கும்,
நீலச் சாயம், ஓரங்களில் உரிந்தது.
பிப்ரவரியில், ஹர்மட்டான் புழுதி சாலையை மூடிய ஒரு காலை,
அகாட்சி தாண்டி, எதிரே ஒரு மர லாரி.
நிலையத்தில் யாரும் அந்தச் சொல்லைச் சொல்லவில்லை.
டோட்சே இன்னும் அஃப்லாவிலிருந்து திரும்பவில்லை, என்றார்கள்.
சுற்றுவழியாக வருகிறான், என்றார் வசூல்காரர்,
ரசீதுப் புத்தகத்தைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டே.
வரிசையில் அவன் இடத்தை
பாக்போ மூன்று நாள் காலியாக விட்டு வைத்தான்.
பின்னால் நின்ற வண்டிகள் ஹாரன் அடிக்கவில்லை.
அது எந்த அணி என்று
தின்னாத பக்கங்களில் எங்கும் இல்லை.

என் சுவரில், அஃப்லாவ் என்ற பெயருக்கு நேரே,
கரிக்கோடு: மூன்று உருண்டை, ஒரு மீன்.
ஜூன் மழையில் எல்லாக் கணக்கும் கரைந்தது.
கொடுக்க வேண்டியவர்கள் பாதிப் பேர் தப்பித்தார்கள்.
இதை மட்டும் நான் மறுபடி எழுதினேன்.

தேர்வு அறையில் மின்விசிறி ஓடவில்லை.
பதினேழாவது கேள்வி:
கீழ்க்காணும் வரிகளில் அணி எதுவும் இல்லாதது எது?
அ. காற்று கதவைத் தட்டி நலம் விசாரித்தது.
ஆ. அவள் சொல் தேன்.
இ. ஊரே கண்ணீரில் மிதந்தது.
ஈ. அவன் நாளைக்குக் காசு தருவான்.

எல்லோரும் ‘ஈ’யைத்தான் கருப்பாக்கியிருப்பார்கள்.
நானும் அதைத்தான் கருப்பாக்க வேண்டும்,
தெரியும்.
கண்காணிப்பாளர் என் மேசையை
இரண்டு தடவை கடந்து போகும்வரை
பென்சிலைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன்.